விளக்கெரிந்த வரிசை

பால் பொங்குவதற்குள் எட்டு ஒலிகளையும் திருப்பி அழுத்திவிட வேண்டும். இது புஷ்பம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட பந்தயம்.

அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று அந்தச் சிவப்புப் பெட்டியைக் கையில் பிடித்திருந்தாள். டெலிபோன் ரிசீவரைப் போல நீளமாக, கைக்கு அடக்கமாக இருக்கும். அதன் முகம் முழுக்கப் பொத்தான்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்ன விளக்கு. எத்தனை வேண்டும் என்று ஓர் எண்ணை அழுத்தினால், அத்தனை விளக்குகளை அது ஒவ்வொன்றாக ஏற்றி அணைக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒலி. அதே வரிசையில் நாமும் அழுத்திக் காட்ட வேண்டும். பிசகினால் கரகரவென்று ஓர் உறுமல்.

இன்று உறுமவில்லை. எட்டும் சரி. பால் அப்போதுதான் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. புஷ்பம் அடுப்பை அணைத்தாள்.

மாசி மாதத்தில் மூளைக்காய்ச்சல் கண்டு, பிழைத்தால் போதும் என்ற நிலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் இந்தப் புஷ்பம் என்பது முதலிலிருந்து படித்து வருபவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். ட்ரங்க் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். விருதுநகர், கோவில்பட்டி, பம்பாய், கல்கத்தா என்று ஊர் ஊராக இணைப்புக் கொடுத்தவள். காய்ச்சல் இறங்கிய பிறகு அவளுக்குத் தன் வீட்டுக் கதவு எண்ணே நிற்கவில்லை. உடம்புக்கு நடை போல மூளைக்கும் தினம் ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். கப்பலில் வேலை பார்க்கும் தம்பி ஜவஹர் சிங்கப்பூரிலிருந்து இந்தப் பெட்டியை வாங்கி வந்து, "டாக்டர் சொன்னது இதுதாங்கா, தினமும் விளையாடு" என்று மடியில் போட்டுவிட்டு மறுபடி கப்பலேறினான்.

முதல் வாரம் அவளால் மூன்று விளக்குகளைத் தாண்ட முடியவில்லை. ஒரு நாள் பெட்டியைச் சுவரில் வீசக்கூடப் பார்த்தாள். பிறகு விடவில்லை. காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை. மூன்று நாலாகி, நாலு ஐந்தாகி, இன்று எட்டு.

கனகராஜ் தலையைத் துவட்டிக்கொண்டே சமையலறை வாசலுக்கு வந்தான்.

"என்னங்க, இன்னைக்கு எக்ஸ்சேஞ்சுக்குப் போறேன். மேடத்தைப் பாத்து எப்ப ட்யூட்டியில சேரலாம்னு கேட்டுட்டு வந்துடறேன்."

துண்டு நின்றது. "இன்னைக்கேவா? சாயங்காலம் அண்ணாச்சியும் மதினியும் வாராங்களே."

"சாயங்காலம்தானே? அதுக்குள்ள வந்துடுவேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "என் கைக்குட்டை எங்க?" என்று கேட்டான்.

கைக்குட்டை அவன் தோளிலேயே கிடந்தது.

*

எக்ஸ்சேஞ்சின் மாடிப்படி ஏறும்போதே அந்த இரைச்சல் காதில் விழுந்தது. நீளமான ஹாலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல். ஊர்களின் பெயர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. புஷ்பத்துக்குத் தாகம் தீர்ந்த மாதிரி இருந்தது.

சூப்பர்வைசர் கமர் ஜஹான் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். ஹாலில் யாரும் அவளிடம் வீண்பேச்சு பேசுவதில்லை. பத்து வருடமாக புஷ்பமும் பேசியதில்லை.

"உட்காருங்க புஷ்பம். உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம். ட்யூட்டியில சேரணும். அதுக்குத்தான் வந்தேன்."

"செவ்வாய்க்கிழமை உங்க வீட்டுக்காரர் போன் பண்ணார்," என்றாள் கமர் ஜஹான். "நீங்க இனிமே வரமாட்டீங்க, வேலையை விட்டுடறீங்கன்னு சொன்னார்."

புஷ்பத்தின் கை புடவைத் தலைப்பைப் பிடித்தது.

"எனக்குத் தெரியாது மேடம்."

"தெரிஞ்சிருக்காதுன்னுதான் நெனச்சேன். பத்து வருஷம் வேலை செஞ்ச பொண்ணு, போறதா இருந்தா நேர்ல வந்து சொல்லிட்டுப் போவா. அதனாலதான் உங்க இடத்துல யாரையும் போடல." கமர் ஜஹான் எழுந்தாள். "ஆனா உங்க மேல பரிதாபப்பட்டு எடுத்துக்க முடியாது. அங்க ஒருத்தர் சாவுச் சேதி சொல்லக் காத்திருப்பார், இன்னொருத்தர் ஆஸ்பத்திரிக்குப் பேசணும்பார். நம்பர் மாறினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் போர்டுல உட்காருங்க. நான் பக்கத்துல கேட்டுக்கிட்டிருக்கேன்."

ஹெட்செட் காதில் ஏறியது. எதிரே துளைகளும் விளக்குகளும், மேஜையில் இணைப்புக் கயிறுகள். கமர் ஜஹான் இன்னொரு ஹெட்செட்டை அதே போர்டில் மாட்டிக்கொண்டு பின்னால் அமர்ந்தாள்.

முதல் விளக்கு எரிந்தது.

"விருதுநகர் வேணும்மா, அவசரம்," என்று ஒரு வியாபாரியின் குரல், நம்பரையும் சேர்த்து மூச்சுவிடாமல் சொன்னது. புஷ்பம் பென்சிலை எடுத்தாள். அதே நொடியில் மனசுக்குள் கனகராஜின் குரல் புகுந்தது. இனிமே வரமாட்டா. வேலையை விட்டுடறா. எந்த நேரத்தில் சொல்லியிருப்பான்? அண்ணனின் கடையில் உட்கார்ந்தா? அண்ணாச்சி பக்கத்தில் நின்றாரா?

அழைப்பு விவரம் குறிக்கும் டிக்கெட்டில் விருதுநகர் என்று எழுதியிருந்தது. நம்பர் இல்லை.

வெள்ளையாக இருந்தது உள்ளே. ஆஸ்பத்திரியில் பார்த்த அதே வெள்ளை. முதல் எண் இரண்டா, எட்டா? எட்டு மாதிரித்தான் இருந்தது. எட்டு என்றே போட்டுவிடலாம், பென்சில் முனை காகிதத்தைத் தொட்டுவிட்டது.

சிவப்புப் பெட்டியோடு போராடிய நாட்களில் அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. விட்டுப்போன விளக்கை ஊகித்து அழுத்தினால் அது உறுமும். எத்தனை முறை ஊகித்தாலும் உறுமும். கேட்காதது கேட்காததுதான். மறுபடி முதலிலிருந்து கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

"சார்," என்றாள் புஷ்பம். "நம்பரை இன்னொரு தரம் நிதானமாச் சொல்லுங்க."

வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே சொன்னார். இம்முறை அவள் வேறு எதையும் கேட்கவில்லை, அந்த எண்ணை மட்டும் கேட்டாள். எழுதினாள். கயிற்றை எடுத்துச் செருகினாள். விருதுநகர் பேசியது.

அதன் பிறகு கை தானாக நடந்தது. கோயம்புத்தூருக்கு ஒரு மாமியார், மதுரைக்கு ஒரு வக்கீல், பெங்களூருக்கு யாரோ ஒரு பெண், அழுதுகொண்டே. ஒரே சமயத்தில் நான்கு விளக்குகள் எரிந்தபோது எது முதலில் வந்தது, எது பிறகு என்று அவளுக்குக் குழப்பமே வரவில்லை. எண்கள் ராகம் மாதிரி காதில் தங்கின. பக்கத்துப் போர்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். புஷ்பம் சிரிக்கவில்லை, நேரமில்லை.

கமர் ஜஹான் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"முதல் ட்ரங்க் கால்ல தடுமாறினீங்க."

"ஆமா மேடம்."

"ஊகிச்சு எழுதியிருந்தீங்கன்னா அப்பவே எழுந்திருக்கச் சொல்லியிருப்பேன். கேட்டீங்க. திங்கக்கிழமை காலை ஷிப்டுக்கு வந்துடுங்க." இரண்டடி போய்த் திரும்பினாள். "வீட்டுல பேசிட்டு வாங்க. செவ்வாய்க்கிழமை மாதிரி இன்னொரு போன் எனக்கு வரக் கூடாது."

*

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை புஷ்பம். தி. நகர் பஸ்ஸில் ஏறினாள்.

ரங்கநாதன் தெருவில் சுயம்புலிங்கம் பாத்திர மாளிகை என்றால் யாரும் வழி சொல்வார்கள். சுயம்புலிங்கம், கனகராஜின் அண்ணன்; புஷ்பத்துக்கு அத்தான் முறை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தலைச்சுமையாகப் பாத்திரம் விற்று, கடை வைத்து, தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து ஆளாக்கியவர். கடையிலும் சரி, வீட்டிலும் சரி, அவர் சொன்னதற்கு மறுசொல் சொல்லி யாருக்கும் பழக்கமில்லை.

நல்ல வேளை, அவர் இல்லை. சாப்பிடப் போயிருந்தார். கனகராஜ் பித்தளை அண்டாக்களுக்கு நடுவே நின்று யாரோ வாடிக்கையாளருக்குக் குடம் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். புஷ்பத்தைப் பார்த்ததும் குடத்தை வைத்துவிட்டான். எதற்காக வந்திருக்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

கடைக்குப் பின்னால், வைக்கோல் சுற்றிய பாத்திரக் கட்டுகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போனார்கள்.

"போன் பண்ணினீங்களா?"

"அண்ணாச்சி சொன்னாங்க."

"அண்ணாச்சி சொன்னது சரி. நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் வைக்கோலைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"என் வேலைங்க. என் வாயும் நல்லாத்தான் இருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரின்னோ வேண்டாம்னோ நான் சொல்லியிருப்பேன்."

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்ப."

"ஆமா."

கனகராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆஸ்பத்திரியில மூணாம் நாள், நீ கண்ணைத் திறந்து என்னைப் பாத்த. யாரு நீங்கன்னு கேட்ட. உனக்கு ஞாபகம் இருக்காது."

புஷ்பத்துக்கு ஞாபகம் இல்லை. யாரும் அவளிடம் சொன்னதும் இல்லை.

"வெளிய வந்து வராந்தாவுல உக்காந்தேன். அதுக்கப்புறம் நீ தெருமுனை வரைக்கும் போனாலே நான் வாசலுக்கு வந்து பாத்துக்கிட்டே இருக்கேன். பஸ்ஸுல போயி எங்கயாவது இறங்கி நின்னுடுவியோன்னு. அண்ணாச்சி வேலையை விடச் சொல்லுன்னு சொன்னப்போ, சத்தியமாச் சொல்றேன், எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு."

அவள் கோபத்தோடு வந்திருந்தாள். கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவன் கையிலிருந்த வைக்கோலை வாங்கிக் கீழே போட்டாள்.

"இன்னைக்கு நான் பஸ் மாறி எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். ஒரு மணி நேரம் போர்டுல உக்காந்தேன். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. அங்கேருந்து கேக்காம கொள்ளாம இங்க வந்து நிக்கறேன். உங்களையும் யாருன்னு நல்லாத் தெரியுது."

கனகராஜுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"சாயங்காலம் அண்ணாச்சி இதைத்தான் பேச வர்றாங்க," என்றாள் புஷ்பம். "நான் பேச மாட்டேன். போன் பண்ணினது நீங்க. அதை மாத்திச் சொல்ல வேண்டியதும் நீங்கதான்."

*

அசோக் நகர் மாடி வீட்டுக்கு வெயில் தாழ்ந்த பிறகு அவர்கள் வந்தார்கள். சுயம்புலிங்கம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மாறாத மிடுக்கு. பின்னால் அவர் மனைவி தங்கம், கையில் ஒரு கட்டு வெற்றிலையும் மல்லிகைச் சரமும். புஷ்பத்தின் தலையில் பூவை வைத்துவிட்டு, "தேறிட்டட்டி" என்று கன்னத்தைத் தொட்டாள் தங்கம்.

அடையாறில் திறக்கப்போகும் புதுக் கடையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச்சு. பிறகு காபி. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு சுயம்புலிங்கம் ஆரம்பித்தார்.

"புஷ்பம், இனிமே வீட்டோட இரு. பிள்ளையைப் பாத்துக்க. தம்பி உங்க ஆபீசுல சொல்லிட்டான். நீ ஒண்ணும் கவலைப்படாத."

புஷ்பம் கணவனைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி." கனகராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான் சொன்னது தப்பு. அவகிட்ட கேக்காமச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை அவ ட்யூட்டிக்குப் போறா."

தங்கம் வெற்றிலையின் காம்பைக் கிள்ளுவதை நிறுத்தினாள். சுயம்புலிங்கம் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ரங்கநாதன் தெருவில் சுமைக்காரர்கள் முதல் மொத்த வியாபாரிகள் வரை அடங்குவார்கள். கனகராஜ் அடங்கவில்லை.

"போன மாசம் உப்பையும் சீனியையும் மாத்திப் போட்டவல்லா இவ?"

"இன்னைக்குச் சோதனை வச்சுப் பாத்து எடுத்துருக்காங்க அண்ணாச்சி. தினமும் பயிற்சி பண்றா. அந்தப் பெட்டியில."

"எந்தப் பெட்டி?"

புஷ்பத்தின் மகள் வடிவு, பத்து வயது, இதற்காகவே காத்திருந்தவள் போல ஓடிப்போய்ச் சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்தாள். "இதுதான் பெரியப்பா. விளக்கு எரியற மாதிரியே நாமளும் அமுக்கணும். நான் ஆறு வரைக்கும் போவேன். அம்மா எட்டு."

சுயம்புலிங்கம் சிரித்தார். "சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமானை வச்சு மூளையை நேராக்கிட்டாளாக்கும். கொண்டா பாப்பம்."

வடிவு மூன்று வைத்துக் கொடுத்தாள். விளக்குகள் எரிந்து அணைந்தன. பெரியவர் தடித்த விரலால் அழுத்தினார். உறுமல். வடிவு கைதட்டிச் சிரித்தாள். கனகராஜுக்கும் மாலை முழுக்கக் கட்டிவைத்த மூச்சு சிரிப்பாக வந்தது. பெரியவரும் சிரித்தார். "ஒழுங்காக் காட்டலட்டி. இன்னொரு தரம் வை."

மறுபடி உறுமல்.

"ரெண்டு வைக்கவா பெரியப்பா?"

"வை."

இரண்டு விளக்குகள். மேலே ஒன்று, கீழே ஒன்று. அவர் முதலாவதை அழுத்தினார். சரி. இரண்டாவதற்கு விரலைக் கொண்டுபோனார். விரல் பொத்தான்களுக்கு மேலே நின்றது. இடப்பக்கம் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி நின்றது.

வடிவு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். கனகராஜும்தான். புஷ்பம் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அந்த விரலை அவளுக்குத் தெரியும். அதற்குள் இருக்கும் வெள்ளையைத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்தாள். வாய் சிரித்தபடியே இருந்தது. கண்கள், கூட்டத்தில் கை நழுவிப்போன குழந்தையின் கண்கள்.

எட்டிப் பெட்டியை வாங்கினாள். "பேட்டரி இறங்கிடுச்சு அத்தான். காலையிலேருந்தே சரியா எரியல."

"அதான பாத்தேன்," என்றார் சுயம்புலிங்கம். வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று கனகராஜ் நினைத்துக்கொண்டான்.

சமையலறைக்குள் டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்த தங்கம் கதவை ஒட்டி நின்றாள்.

"பேட்டரி இறங்கலல்லா?"

"இல்லக்கா. முந்தாநாள்தான் புதுசு போட்டேன்."

தங்கம் தலையாட்டினாள். அழவில்லை. "பனகல் பார்க்கைச் சுத்திச் சுத்தி வந்துருக்காவ. வீட்டுக்கு எந்தத் தெருன்னு தெரியல. பழக்கமான ரிக்‌ஷாக்காரன் பாத்துக் கொண்டாந்து விட்டான். ரெண்டு தரம் ஆயிப்போச்சு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிருக்காவ. ஆவணியில கடை தெறக்கணுமே, தம்பி பதறிப் போவான்னு."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"பேச்செடுத்தா எரிஞ்சு விழுதாவ."

புஷ்பம் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தாள். "என்னைப் பாத்த டாக்டர் நல்லவரு. நான் கூட்டிட்டுப் போறேன். நானே பேசறேன் அத்தான்கிட்ட."

பேச வேண்டிய தேவை வரவில்லை. கிளம்பும்போது கனகராஜ் காரைத் திருப்பி நிறுத்தச் சொல்லக் கீழே இறங்கினான். தங்கமும் வடிவும் அவன் பின்னால் போனார்கள். சுயம்புலிங்கம் மாடிப்படியின் உச்சியில் நின்றுவிட்டார்.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார்.

"ஆமா அத்தான்."

"விடியக்காலம் நடக்கப் போறேன்னு சொல்லிட்டு இங்க வாரேன். அந்தப் பெட்டியை எனக்குச் சொல்லிக் குடு. உனக்கு வந்தது எனக்கும் வராதா?"

"வாங்க. தினமும் வாங்க. ஆனா அது மட்டும் போதாது, டாக்டரையும் பாக்கணும். எனக்கு வந்தது காய்ச்சல். உங்களுக்கு என்னன்னு அவருதான் சொல்லணும்."

"பாப்பம், பாப்பம்." குரல் தாழ்ந்தது. "தம்பிக்குத் தெரிய வேண்டாம். அவன் எந்திரிக்குமுன்ன வந்துட்டுப் போயிருதேன்."

நேற்றாக இருந்தால் புஷ்பம் தலையாட்டியிருப்பாள். இன்று மத்தியானம் வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே அவள் கேட்ட கேள்வி அவளுக்கே திரும்பி வந்து நின்றது.

"எனக்குத் தெரியாம அவங்க ஒரு காரியம் செஞ்சதுக்கு இன்னைக்குத்தான் சண்டை போட்டேன் அத்தான். அவங்களுக்குத் தெரியாம நான் ஒண்ணு செய்ய மாட்டேன்."

"கடையைத் தூக்கி அவன் கையில குடுக்கணும்னு சொல்லுதியா?"

"கடையைப் பத்தி நான் பேசல. உங்க தம்பிகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்றது முறையில்ல."

அவர் முகம் இறுகியது. புஷ்பம் விலகவில்லை. பெரியவர் முன்னால் அவள் இவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்றது இதுவே முதல் தடவை.

கீழேயிருந்து கனகராஜின் குரல் வந்தது. "அண்ணாச்சி, வண்டி வந்தாச்சு. மேல என்ன பேச்சு?"

புஷ்பம் பெரியவரைப் பார்த்தாள். பதில் அவருடையது.

சுயம்புலிங்கம் கைப்பிடியைப் பற்றி ஒரு படி இறங்கினார். அங்கேயே நின்று, இருட்டத் தொடங்கிய தெருவில் தம்பி நின்ற இடத்தைப் பார்த்தார்.

"கனகு," என்று கூப்பிட்டார். "கொஞ்சம் மேல வந்துட்டுப் போ. நீ மட்டும் வா."